போட்டவர்தான் முறிக்கணும்

மூன்று வருடமாக வெள்ளைக் கஞ்சியையே குடித்துக்கொண்டிருக்கிற மனிதனுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? டிரைவர் பிச்சைக்கு வந்தது. காலையில் வந்தது, மத்தியானம் வந்தது, ராத்திரி கிண்ணத்தைக் கண்டதும் மறுபடியும் வந்தது. குழைய வடித்த சோறு, அதைக் கரைத்த கஞ்சி, மாற்றத்துக்கு இரண்டு இட்லி, அதற்குத் தொட்டுக்கொள்ளச் சீனி. காய் கிடையாது, கீரை கிடையாது, பருப்பு கிடையாது, மிளகாயைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. அரிமளத்துக்கும் புதுக்கோட்டைக்கும் பஸ் ஓட்டிய காலத்தில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அது மூழ்குகிற வரைக்கும் சால்னா ஊற்றச் சொல்லித் தின்றவன் அவன். அப்பேர்ப்பட்ட நாக்கைக் கட்டிப்போட்டால் அது சும்மா கிடக்குமா? பெண்டாட்டியைத்தான் கடித்தது.

நோய் வந்தது உண்மை, அதை யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஒரு நாள் கண்மாய்க் கரையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, பயணிகள் பார்த்துக்கொண்டிருக்க, வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினான். அன்றைக்குப் போனதெல்லாம் ரத்தம். அப்புறம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை. மூலம் என்று ஒருவர் மருந்து கொடுத்தார், சூடு என்று இன்னொருவர் விளக்கெண்ணெய் கொடுத்தார். கடைசியில் புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டபோது, ஆள் வெளுத்துப்போய்ப் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தான். ஷீபா என்று ஒரு டாக்டரம்மா, நாகர்கோவில் பக்கத்துக்காரர், குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, பெருங்குடல் பூராவும் அழற்சி, புண் என்றார். ரத்தம் ஏற்றி, ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, அந்த அம்மாதான் எமன் கையிலிருந்து பிடுங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஷீபா டாக்டர் அவன் பெண்டாட்டி மணிமேகலையைக் கூப்பிட்டு, "இப்போதைக்குக் காய், கீரை, பருப்பு எதுவும் வேண்டாம்மா. குழைஞ்ச சோறு மட்டும் குடுங்க. நான் சொல்றப்போ மாத்திக்கலாம்" என்றார்.

நான் சொல்றப்போ. அந்த ஒரு வார்த்தையில்தான் பிச்சையின் விதி மாட்டிக்கொண்டது. அடுத்த தடவை போனபோது ஷீபா டாக்டர் ஊர் மாற்றலாகிப் போய்விட்டார்.

மணிமேகலைக்கு அது பத்தியம். பத்தியத்தைப் போட்டவர்தான் முறிக்க வேண்டும், இடையில் வேறு யார் சொன்னாலும் முறிக்கக் கூடாது. இதை அவளுக்கு யாரும் பாடமாகச் சொல்லித்தரவில்லை, வீட்டில் ஒரு சாவு சொல்லித்தந்தது. அவள் தம்பி சந்தனத்துக்கு மஞ்சள்காமாலை வந்து, நாட்டு வைத்தியர் உப்பில்லாப் பத்தியம் போட்டிருந்தார். அவர் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து ஒரு கல்யாணம் வந்தது. அதுதான் கண்ணெல்லாம் தெளிஞ்சிருச்சே, உக்காரு என்று இலையில் உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் சந்தனம் இல்லை. விருந்துதான் கொன்றதா, நோய் முன்னாலேயே முற்றிப்போயிருந்ததா, யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து மணிமேகலைக்குப் பத்தியம் என்றால் விளையாட்டில்லை.

ஷீபா டாக்டருக்குப் பின்னால் வந்த டாக்டர்கள் எல்லாம் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "சாப்பாடு சரியா இருக்கா?" என்று கேட்பார்கள். "பத்தியமா இருக்காருங்க" என்பாள் மணிமேகலை. "நல்லது" என்பார்கள். அவர்களுக்கு அவசரம், வெளியே கூட்டம். இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது. ரத்தம் நின்று வெகுகாலம் ஆகியும் பிச்சையின் உடம்பு மட்டும் தேறவில்லை. பஸ் முதலாளி நல்ல மனுசன், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை போட்டுக் கொடுத்திருந்தார். "ஒடம்பத் தேத்திட்டு வா பிச்ச, சீட்டு ஒனக்குத்தான்" என்பார். கஞ்சியைக் குடித்துவிட்டு ஸ்டியரிங்கை எங்கே திருப்புவது? அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். யாராவது இந்தப் பத்தியத்தை முறித்துத் தொலைக்க வேண்டும்.

அவன் வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மணிமேகலை பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல்காரி. பிள்ளைகளுக்கு ஒரு நாள் சாம்பார், ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் பயறு, தினமும் முட்டை. சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தாலே சேலையிலிருந்து தாளிப்பு வாசம் வரும். மூன்று வருடமாகப் பருப்பு காணாதவனுக்கு அது எப்படி இருக்கும்?

"இன்னைக்கி என்ன சாம்பாரு?" என்பான்.

"முருங்கைக்காங்க."

"முட்டை?"

"ரெண்டு தின்னேன். ஒரு பய இன்னைக்கி வரல."

"தின்னு, தின்னு. நல்லாத் தின்னுட்டு வந்து எனக்கு மாவுத் தண்ணிய ஊத்து. ஒனக்கென்ன, மகராசி."

அவள் சிரித்துக்கொண்டே கஞ்சியை ஆற்றிக் கொடுப்பாள். ராத்திரி அவளும் அதே கஞ்சியைத்தான் குடிப்பாள். மத்தியானம் தின்னதே நெஞ்சுல நிக்கிது, ஒருத்திக்குன்னு தனியா ஒல வைக்கவா என்பாள். பள்ளிக்கூடம் லீவு என்றால் பக்கத்துத் தெருவில் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்வாள். மகன் கோபிநாத் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தான், தீபாவளிக்குத் தீபாவளி வந்துபோவான். வீட்டில் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். ஆனாலும் பிச்சை ஒரு நாளும் அவள் சொன்னதைச் சந்தேகப்படவில்லை. பொறாமைப்படுகிறவனுக்குச் சந்தேகப்பட நேரம் ஏது?

இந்த வருடம் இலக்கியா என்று ஒரு சின்ன வயது டாக்டர் வந்தார். அவர் ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். குடல் அழற்சி உள்ளவர்களின் மலத்தையும், அதே வீட்டில் இருக்கிற நல்ல ஆரோக்கியமான ஒருவரின் மலத்தையும் பரிசோதித்து, அதில் சில கொழுப்பு அமிலங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பாராம். சம்மதமா என்று கேட்டார்.

"என்னுது மேடம், எத்தனையோ பேரு பாத்தாச்சு. இவளுது எதுக்கு?" என்றான் பிச்சை.

"ஒரே வீடு, ஒரே தண்ணி. ஆனா அவங்களுக்கு நோய் இல்ல, நல்லாவும் சாப்பிடறவங்க. அப்பத்தானே வித்தியாசம் தெரியும்?"

மணிமேகலைக்கு வெட்கத்தில் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆனாலும் இவருக்கு நல்லதுன்னா சரிங்கம்மா என்று தலையாட்டினாள்.

ஆளுக்கொரு டப்பா, ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி. மறுநாள் விடிந்ததும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பிச்சை புதுக்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான். வேறு பஸ்ஸாக இருந்தால் பரவாயில்லை, அவன் ஓட்டிய பஸ்ஸே அது. கண்டக்டர் அடைக்கலத்துக்கு எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிற புத்தி.

"என்னண்ணே, ஐஸ் பெட்டி. கோட்டைப்பட்டினத்து மீனா?"

"ஆமாடா."

"பத்தியமுன்னு சொன்னாங்க, மீனு யாருக்கு? எனக்கு ரெண்டு குடுத்துட்டுப் போங்கண்ணே."

"ஒனக்கு இல்லாததா? தொறக்கட்டுமா?" என்று பிச்சை மூடியில் கை வைக்க, பக்கத்தில் இருந்த மணிமேகலை அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். வெகு நாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பரிசோதனை முடிவு வர நாளாயிற்று. கூப்பிட்டுவிட்டபோது இருவருமாகப் போனார்கள். இலக்கியா டாக்டர் கம்ப்யூட்டரில் மேலும் கீழுமாக எதையோ மறுபடி மறுபடி பார்த்தார். திரும்ப ரத்தம் வரப்போகிறது என்று சொல்லப்போகிறாரோ என்று பிச்சை பயந்தான்.

"பயப்படாதீங்க. உங்களுக்கு நோய் அடங்கித்தான் இருக்கு" என்றார் டாக்டர். "ஒரு விஷயம்தான் எனக்குப் புரியல. நாம சாப்பிடற காய், கீரை, பருப்புல நார் இருக்குல்ல, அது நமக்குச் செரிக்காது. அது நேராப் பெருங்குடலுக்குப் போகும். அங்க கோடிக்கணக்குல நல்ல கிருமிங்க இருக்கு. அதுங்க அந்த நாரைத் தின்னுட்டுச் சில கொழுப்பு அமிலங்கள உண்டாக்கும். அதுல ஒண்ணு பேரு பியூட்டிரேட். குடலோட உள்தோலுக்கு முக்கியமான சாப்பாடே அதுதான். அழற்சியை அடக்கி வைக்கறதுலயும் அதுக்குப் பங்கு உண்டு. உங்களுக்கு அது ரொம்பக் குறைச்சலா இருக்கு."

"கஞ்சியக் குடிச்சா எங்கிட்டு இருக்கும் மேடம்? இவகிட்டச் சொல்லுங்க" என்று பிச்சை உற்சாகமாகிவிட்டான்.

"அவங்களுக்கும் அதே அளவு குறைச்சலா இருக்கு."

"யாருக்கு?"

"உங்க வீட்டம்மாவுக்கு. ரெண்டு பேரு ரிசல்ட்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கு. லேபுல டப்பாவ மாத்திட்டாங்களோன்னு மறுபடியும் பாக்கச் சொன்னேன். மாறல."

பிச்சை சிரித்தேவிட்டான். "அது எப்பிடிங்க? நான் கஞ்சி, இவ சாம்பாரு. கொண்டைக்கடலை, பயறு, முட்டையின்னு பள்ளிக்கூடத்துல தெனமும் ஒரு கட்டு கட்டிட்டுத்தான் வாரா. ஒங்க மிசினுதான் எங்கயோ கோளாறு."

டாக்டர் அவனைப் பார்க்கவில்லை. மணிமேகலையைப் பார்த்தார். "ஒரு டெஸ்ட்டை வச்சு எதையும் அடிச்சுச் சொல்லக் கூடாதும்மா. அதான் உங்களையே கேக்கறேன். என்ன சாப்பிடறீங்க?"

மணிமேகலை முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"கஞ்சிதாங்கம்மா" என்றாள்.

"மத்தியானம்?"

"அதுவும் அதாங்கம்மா. தூக்குல கொண்டு போயிருவேன். கொழம்பு உப்பு ஒறப்புப் பாக்க உள்ளங்கையில ஒரு சொட்டு விடுறதோட சரி."

"எத்தனை நாளா?"

"அவருக்குப் போட்டதுலேருந்துதாங்க."

பிச்சைக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்த மனுசனுக்கு எதற்கும் முதலில் வருவது அதுதானே. "ஏன்டி பொய் சொன்ன? ரெண்டு முட்ட தின்னேன், மூணு கரண்டி தின்னேன்னு தெனமும் எங்கிட்ட அளந்தியே?"

"மொத நாளு சாப்பிடத்தாங்க ஒக்காந்தேன்" என்றாள் அவள், டாக்டரைப் பார்த்துக்கொண்டே. "தட்டுல சோத்தப் போட்டு முட்டைய வச்சேன். இவரு வீட்ல கஞ்சிய வச்சுக்கிட்டு மொகத்தச் சுளிச்சது கண்ணு முன்னாடி வந்துருச்சு. தொண்டைக்குள்ள எறங்கல. சரி, நாளைக்குப் பாப்போமுன்னேன். அப்பறம் அப்பிடியே பழகிருச்சு. இவருகிட்டச் சொன்னா அந்தக் கஞ்சியவும் குடிக்க மாட்டாரு. நீ பட்டினி கெடந்தா நானும் கெடக்குறேன்னு வம்பு பண்ணுவாரு. வாயிதான் அப்பிடிங்கம்மா, மனசு அப்பிடியில்ல."

மூன்று வருடத்தில் பிச்சை அப்போதுதான் தன் பெண்டாட்டியைச் சரியாகப் பார்த்தான். ஜாக்கெட் தோளில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தாள். கண்ணாடி வளையல் கழன்று விழாமல் இருக்க, அதற்கு முன்னால் ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். அந்தக் கையால்தான் அறுபது பிள்ளைகளுக்குச் சாம்பார் கிண்டி ஊற்றிவிட்டு, ஒரு ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறாள். சாயங்காலம் அவன் குத்திக் குத்திக் கேட்டதற்கெல்லாம் சிரித்திருக்கிறாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சரி, இன்னைக்கே மாத்திருவோம். பருப்பு, காய், கீரை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடலாம். ரெண்டு பேரும்" என்றார்.

"அது முடியாதுங்கம்மா" என்றாள் மணிமேகலை.

"ஏன்?"

"நீங்க போட்டதில்லையே. ஷீபா டாக்டரம்மா போட்டது. போட்டவங்கதான் முறிக்கணும்."

வேறு டாக்டராக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். இந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, ஏன் என்று கேட்டார். மணிமேகலை தம்பியின் கதையைச் சொன்னாள். டாக்டர் விவாதம் பண்ணவே இல்லை. போனை எடுத்து யார் யாரையோ கேட்டு நம்பர் வாங்கி, நாகர்கோவிலில் ஷீபா டாக்டருக்குப் போட்டு, ஸ்பீக்கரில் மேசைமேல் வைத்தார். விஷயத்தைச் சொன்னார்.

"மூணு வருஷமாவா?" என்றது ஷீபா டாக்டரின் குரல். "அய்யோ, அம்மா. புண் ஆறுற வரைக்கும், ஒரு மாசம், மிஞ்சிப் போனா ரெண்டு மாசத்துக்குச் சொன்னது. எதுவரைக்கும்னு உங்ககிட்டச் சொல்லாம வந்தது என் தப்பு. மன்னிச்சுக்கங்க."

"அப்பிடியெல்லாம் சொல்லாதீங்கம்மா" என்று மணிமேகலை போனைப் பார்த்துக் கைகூப்பிவிட்டாள். "அவரு உசுரோட இருக்கறது ஒங்களாலதான். தெனமும் வெளக்கு ஏத்தறப்ப ஒங்க பேரச் சொல்லித்தான் ஏத்துறேன். இப்ப முறிச்சிரலாங்களா?"

"முறிச்சிருங்க."

"எத வச்சு முறிக்கிறதுங்க?"

மருத்துவப் படிப்பில் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. ஆனாலும் ஷீபா டாக்டர் கெட்டிக்காரர். "பாசிப்பருப்பும் மஞ்சப் பூசணியும்மா. நல்லாக் கொழைய வேக வச்சு, ஒரு கரண்டி. ஒத்துக்கிச்சுன்னா ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு காய். ஒண்ணொண்ணா" என்றார். "மாத்திரையை மட்டும் விட்டுராதீங்க. சாப்பாடு மாறுதுன்னு மருந்த நிறுத்தினா நோய் திரும்ப வந்துரும்" என்று இலக்கியா டாக்டர் சேர்த்துக்கொண்டார்.

"நான் இவரு நாக்க மட்டுந்தான் கட்டி வச்சிருக்கோமுன்னு நெனச்சேங்கம்மா" என்றாள் மணிமேகலை எழுந்திருக்கும்போது. "வயித்துக்குள்ள இருக்கற கோடிப் பேரையும்ல பட்டினி போட்டிருக்கேன்."

"அதுங்க பொழைச்சுக்கும். சோறு போட்டாத் திரும்பப் பெருகிரும்" என்றார் டாக்டர்.

ஊருக்குப் போகிற பஸ்ஸில் அடைக்கலம் என்னென்னவோ கேட்டான். பிச்சை, மஞ்சப் பூசணி எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று மட்டும் திருப்பிக் கேட்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மணிமேகலை தலைக்குக் குளித்து, அவனையும் குளிக்கச் சொல்லி, பாசிப்பருப்பையும் பூசணியையும் வேகவைத்து, சீரகம் மட்டும் தாளித்து இறக்கினாள். வீடு முழுக்க வாசம். வாழை இலை நறுக்கைக் கிழக்குப் பார்த்துப் போட்டு, சோறு வைத்து, பருப்பை ஒரே ஒரு கரண்டி, அளந்து ஊற்றினாள். சாமி படத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டு, "ம், சாப்பிடுங்க" என்றாள்.

பிச்சை இலையை அவள் பக்கமாக நகர்த்தினான்.

"என்னங்க இது?"

"நீ ஒக்காரு."

"பத்தியம் ஒங்களுக்குத்தான் போட்டாங்க. நோயாளிதான் மொத வாயி திங்கணும்."

"டாக்டரம்மாதான் சொல்லிருச்சே, ரெண்டு பேரு வயித்துலயும் ஒண்ணுதான் இருக்குன்னு. போட்டது எனக்கு, கெடந்தது நீ. நான் கஞ்சியக் குடிச்சுட்டு ஒன்னய ஏசிக்கிட்டாவது இருந்தேன். நீ யாரை ஏசுன? தின்னு மணி."

"அதெல்லாம் வேணாங்க. ஆறிப்போயிரும், நீங்க..."

"நீ திங்கலேன்னா நான் இன்னும் மூணு வருசத்துக்குக் கஞ்சிதான் குடிப்பேன். என் வம்பு ஒனக்குத் தெரியும்."

தெரியும். அதனால் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். இரண்டாவது வாய் வைத்தாள். மூன்றாவது வாய்க்குள் அவளுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. தலை நிமிராமல், வேகமாக, விரலால் இலையை வழித்து வழித்துத் தின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் அவளுக்கு நேரமில்லை. பிச்சை அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் வயிறு நிறைவதை அவன் உட்கார்ந்த இடத்திலேயே உணர்ந்தான்.

இலை காலியான பிறகுதான் அவள் நிமிர்ந்தாள். "அய்யய்யோ, ஒங்களுக்கு ஒண்ணுமே வைக்காம" என்று எழப்போனாள்.

அந்த வீட்டில் நன்றி என்றெல்லாம் சொல்லிப் பழக்கமில்லை. கட்டிய நாளிலிருந்து அவன் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை. பிச்சை அவள் வலது கையைப் பிடித்தான். பருப்பும் சோறும் ஒட்டியிருந்த அந்தக் கையைத் தூக்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான்.

"விடுங்க, சோத்துக் கைங்க" என்றாள்.

"அதனாலதான்டி" என்றான் பிச்சை. கையை விடவில்லை.